குரோம் குழாயில் என்ன தெரிகிறது?

உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் என்ன நிறம் என்று கேட்டால், யோசிக்காமல் வெள்ளி நிறம் என்று சொல்லிவிடுவீர்கள். சரி, எழுந்து போய் அதை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பெங்களூர் அல்சூரில் நான் குடியிருக்கும் வீட்டுக் குழாயில் இன்று காலை பார்த்தது இது. மேல் வளைவில் பளீரென்று ஒரு வெள்ளைக் கட்டம்: அது வென்டிலேட்டர். அந்தக் கட்டத்தைக் குறுக்கே வெட்டும் மூன்று கறுப்புக் கோடுகள்: வென்டிலேட்டரின் கம்பிகள். பக்கவாட்டில் நீளமாக ஒரு காவி நிறப் பட்டை: கதவில் தொங்கும் துண்டு. அடியில் ஒரு நீலத் திட்டு: பக்கெட். நடுவில், இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி நெடுநெடுவென்று ஒரு ஆள், வாயில் பிரஷ்ஷோடு. வெள்ளி நிறம் என்று ஒன்று அந்தக் குழாயில் எங்கேயும் இல்லை.

குழாயின் மேல் இருக்கும் அந்தப் பளபளப்பான உலோகப் பூச்சுதான் குரோம். அதைக் கணினியில் செய்யப் பழகுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய பயிற்சி இதுதான். மென்பொருளைத் திறப்பதெல்லாம் அப்புறம்.

என் வேலை, குழாய், ஷவர், கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்குக் கேட்டலாக் படம் செய்து கொடுப்பது. கேமராவில் எடுப்பதில்லை; எல்லாம் ரெண்டர். அதாவது, கணினிக்குள் பொருளின் வடிவத்தைக் கட்டி, அது எதனால் ஆனது (மெட்டீரியல்) என்று சொல்லி, விளக்கு வைத்து, ஒரு கேமராவையும் வைத்துவிட்டால், ஒளி எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று மென்பொருள் கணக்குப் போட்டுப் படமாக்கித் தரும். இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த முதல் குரோம் குழாயைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் ஃபோனில் கேட்டார்: "இதுக்கு இன்னும் பிளேட்டிங் போடலையா?"

அதற்குப் பிறகு மூன்று நாள் மெட்டீரியல் செட்டிங்கையே திருகிக்கொண்டிருந்தேன். பளபளப்பைக் கூட்டினேன். நிறத்தை இன்னும் வெள்ளையாக்கினேன். சாம்பல் பிளாஸ்டிக்காக இருந்தது வெள்ளைப் பிளாஸ்டிக்காக மாறியது, அவ்வளவுதான். கோளாறு மெட்டீரியலில் இல்லவே இல்லை. குழாயைச் சுற்றி நான் ஒன்றுமே வைத்திருக்கவில்லை. மேலும் கீழும் நான்கு பக்கமும் ஒரே சாம்பல் வெளி, நடுவில் குழாய். அது தன்னைச் சுற்றி இருந்த சாம்பலை ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது, பாவம். குரோம் மெட்டீரியல் செய்ய ஐந்து நிமிடம் போதும். அது காட்டுவதற்கு ஒரு அறை செய்யத்தான் அரை நாள் ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பெயர் மட்டும் நிறம்

1797-இல் இந்த உலோகத்தைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான். இதன் சேர்மங்கள் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று விதவிதமாக நிறம் காட்டுவதால், நிறம் என்று பொருள்படும் 'குரோமா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. மாணிக்கக் கல்லின் சிவப்புக்கும் இதுதான் காரணம். ஆனால் உலோகமாகக் குழாய் மேல் உட்கார்ந்துவிட்டால் சொந்தமாக நிறம் இல்லை. பெயரில் இருப்பது ஆளிடம் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, பக்கத்தில் இருக்கும் நீல பக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம். பக்கெட் மேல் ஒளி பட்டால் இரண்டு வேலை நடக்கிறது. நேராகப் பார்க்கும்போது, 100 பங்கில் ஏறக்குறைய 4 பங்கு மேற்பரப்பிலேயே கண்ணாடி போலத் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், பிளாஸ்டிக்குக்குள் அலைந்து திரிந்து, நீலம் தவிர மற்றதைப் பெரும்பாலும் இழந்து வெளியே வரும். நாம் நீலம் என்று பார்ப்பது இப்படி உள்ளே போய் வந்த ஒளியை. உலோகத்தில் இந்த இரண்டாவது வேலையே கிடையாது. உள்ளே போன ஒளி போனதுதான், திரும்பாது. மேற்பரப்பில் கண்ணாடி போலத் திரும்புவது மட்டும்தான் நம் கண்ணுக்கு வரும். பெரும்பாலான ரெண்டர் மென்பொருள்களில் 'மெட்டாலிக்' என்று ஒரு ஸ்லைடர் இருப்பது இதற்காகத்தான். 0 என்றால் பக்கெட், 1 என்றால் குழாய். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பயந்துகொண்டு 0.5-இல் வைப்பார்கள். பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக் என்று உலகத்தில் ஒரு பொருள் இல்லை. 1-இல் வையுங்கள்.

அடுத்த கேள்வி, எவ்வளவு ஒளியைத் திருப்ப வேண்டும் என்பது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வெள்ளி, படும் ஒளியில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். அலுமினியம் 90 சதவீதம் அளவுக்கு. குரோமோ சுமார் 55 முதல் 65 சதவீதம்தான். பார்க்கப் பளபளவென்று இருந்தாலும், படும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது விழுங்கிவிடுகிறது. குழாயும் அதன் அடித்தட்டும் சேரும் இடுக்கைப் பாருங்கள். ஒளி அங்கே ஒரு குரோம் சுவரில் பட்டு இன்னொரு குரோம் சுவருக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். 0.6 என்று வைத்துக்கொண்டால் முதல் முறைக்கு 0.6, இரண்டாம் முறைக்கு 0.36, மூன்றாம் முறைக்கு 0.22. மூன்றே தாவலில் இடுக்கு இருட்டிவிடுகிறது. குரோமுக்கே உரிய அந்தக் கனமான கறுப்பு இப்படித்தான் வருகிறது. நிறத்தை 0.95 என்று வைத்தால் மூன்று தாவலுக்குப் பிறகும் 0.86 மிச்சமிருக்கும். இடுக்கெல்லாம் வெளிச்சமாகி, குழாய் வெள்ளிப் பாத்திரக் கடையில் வாங்கினது போல ஆகிவிடும்.

செட்டிங் என்று பார்த்தால் இவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் பெயர்கள் ஏறத்தாழ இவையேதான். மெட்டாலிக் 1. பேஸ் கலர் 0.6-ஐ ஒட்டிய நடுநிலைச் சாம்பல், நீலத்தை மட்டும் ஒரு இம்மி கூட்டலாம். ரஃப்னெஸ், அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பு, 0.03-லிருந்து 0.05. ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த 0.6, ஒளியின் உண்மையான அளவு. போட்டோ எடிட் செய்யும் மென்பொருளில் 0 முதல் 255 வரை இருக்கும் எண்ணில் அதற்குச் சமம் 203. பலர் 255-ஐ 0.6-ஆல் பெருக்கி 153 என்று போட்டுவிடுகிறார்கள். அது உண்மையில் 0.32-தான். குழாய் இரும்புத் துண்டு போலக் கறுத்துப்போய், ஏன் என்று தெரியாமல் விளக்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நானும் கூட்டியிருக்கிறேன்.

அறை

இனி கணக்கு இன்னும் கொஞ்சம் சுவாரசியமாகும். குழாயைச் சுற்றி ஒரு அறை வேண்டும் என்றால், அறையின் போட்டோ ஒன்றைச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் போதாதா? போதும் என்றுதான் 1976-இல் ஜிம் பிளின்னும் மார்ட்டின் நியூவெல்லும் காட்டினார்கள். சுற்றுப்புறத்தை ஒரு படமாக வைத்துக்கொண்டு, பளபளப்பான பொருள் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்த இடத்தின் நிறத்தைப் படத்திலிருந்து எடுத்துப் பூசும் முறை அது. ஆனால் ஃபோனில் எடுத்த சாதாரண போட்டோவை ஒட்டிப் பாருங்கள், குரோம் செத்துப் போயிருக்கும். காரணம் இது.

சாதாரணப் படத்தில் அதிகபட்ச வெளிச்சம் 1. ஜன்னலும் 1, வெள்ளைச் சுவர் 0.8 என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் பட்டப்பகல் ஜன்னல் சுவரைவிடப் பல மடங்கு வெளிச்சமானது. 20 என்றே வைத்துக்கொள்ளலாம். போட்டோவில் 1-க்கு மேல் இடமில்லாததால் அதன் தலையை வெட்டி 1 ஆக்கிவிட்டார்கள். இப்போது குரோம் இரண்டையும் 0.6-ஆல் பெருக்குகிறது. ஜன்னல் 0.6, சுவர் 0.48. ஒரு சாம்பலுக்குப் பக்கத்தில் இன்னொரு சாம்பல். ஜன்னலின் உண்மையான 20 இருந்திருந்தால் 0.6-ஆல் பெருக்கிய பிறகும் 12. சுவர் சாம்பலாக, ஜன்னல் கண்ணைக் கூசும் வெள்ளையாக, இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு விளிம்பு. என் வீட்டுக் குழாயில் வென்டிலேட்டர் பளீரென்று தெரிந்தது இதனால்தான்.

வெட்டப்படாத வெளிச்சத்தோடு இருக்கும் இந்தச் சுற்றுப்புறப் படத்துக்கு எச்.டி.ஆர்.ஐ. என்று பெயர். 1998-இல் பால் டெபெவெக் இதைச் செய்யும் வழி ஒன்றைக் காட்டினார். ஒரு இடத்தில் கண்ணாடி போன்ற உருண்டையை வைத்து, அதைக் குறைந்த வெளிச்சத்திலிருந்து அதிக வெளிச்சம் வரை பல அளவுகளில் போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த இடத்தின் முழு வெளிச்சமும் எண்களாகக் கையில் வந்துவிடும். சினிமா கிராஃபிக்ஸ்காரர்கள் படப்பிடிப்பில் இன்றும் குரோம் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். இடத்தைத் தெரிந்துகொள்ளக் குரோமிடமே கேட்கிறார்கள். பிறகு அந்த இடத்தை வைத்துக் கணினியில் குரோம் செய்கிறார்கள்.

பாலி ஹேவன் தளத்தில் நல்ல எச்.டி.ஆர்.ஐ. படங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. பதிவிறக்கும்போது அளவைப் பார்த்து இறக்குங்கள். 2கே படம் என்றால் 360 டிகிரிக்கும் சேர்த்து 2048 புள்ளிகள். ஒரு டிகிரிக்கு ஆறு புள்ளிகூட வராது. மண்பானைக்கு வெளிச்சம் கொடுக்க அது தாராளம். தட்டையான குரோம் தகட்டில் அதே படம் மங்கிப்போய், சாணித்தாளில் அச்சடித்தது போலத் தெரியும். குரோமுக்கு 8கே-வாவது வேண்டும்.

சரி, எந்த இடத்தின் படம்? அதற்கு ஒரு நாள் ஜே.சி. ரோட்டுக்குப் போய் வந்தது எனக்கு நல்ல பாடம். வண்டி உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் ரோடு. ஒரு கடை வாசலில் பழைய புல்லட் ஒன்று நின்றிருந்தது. சைலன்சர் முழுக்க குரோம். குனிந்து பார்த்தேன். மேல் பாதியில் வானம், வெளிர் வெள்ளை. கீழ்ப் பாதியில் தார் ரோடு, ஆனால் கறுப்பாக இல்லை. வெயில் பட்டதில் வெளுத்த சாம்பல். இரண்டுக்கும் நடுவில், சைலன்சரின் முழு நீளத்துக்கும், ஒரு விரல்கூட அகலமில்லாத கறுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குள்தான் எதிர் வரிசைக் கடைகள், மரம், நிற்கும் ஆட்டோக்கள், நான், டீ குடிக்கும் இரண்டு பேர் எல்லோரும் நசுங்கி இருந்தோம். வளைந்த பரப்பு பெரிய வானத்தையும் பெரிய தரையையும் காட்டிவிட்டு, நடுவில் கண்மட்டத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு கோடாக மடக்கிவிடுகிறது. இதைப் பார்த்த பிறகுதான், கையால் வரைகிறவர்கள் குரோம் பம்பருக்கு மேலே வானம், நடுவில் ஒரு கறுப்பு இழுப்பு, கீழே தரை என்று மூன்று தீற்றலில் முடித்துவிடுகிறார்களே, அது எவ்வளவு பெரிய கவனிப்பு என்று உறைத்தது. வெளிச்சத்தை விட அந்தக் கறுப்புக் கோடுதான் குரோம் என்று நம்மை நம்பவைக்கிறது. என் முதல் குழாயில் கறுப்பே இல்லை.

கேட்டலாக் படத்தில் ரோடு இல்லை, வானம் இல்லை. வெள்ளைப் பின்னணியில் குழாய் மட்டும் நிற்க வேண்டும். இங்கே ஒரு தனிச் சிக்கல். எங்களிடம் வேலை பழக ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஒரு தம்பி இருக்கிறான். வந்த முதல் வாரத்தில் அவன் கேட்டான்: "அண்ணா, குழாயோட ஓரம் மட்டும் கரைஞ்சு போற மாதிரி இருக்கே, ஏன்?" உருளை வடிவக் குழாயில் நடுப்பகுதி நம் முதுகுப் பக்கத்தைக் காட்டும். ஓரத்துக்குப் போகப்போகப் பக்கச் சுவர்களைக் காட்டும். கடைசி விளிம்பு, குழாய்க்குப் பின்னால் இருப்பதைக் காட்டும். பின்னால் இருப்பது வெள்ளை. ஆகவே விளிம்பும் வெள்ளை. வெள்ளையில் வெள்ளை கரைந்துவிட்டது.

"ரெண்டு கறுப்பு அட்டை செய்" என்றேன். குழாயின் இரண்டு பக்கத்திலும், கொஞ்சம் பின்தள்ளி, கேமராவில் விழாத தூரத்தில் நீளமான இரண்டு கறுப்புச் செவ்வகம். ரெண்டர் ஓடியதும் குழாயின் இரண்டு ஓரத்திலும் மை தீட்டியது போல மெல்லிய கோடு வந்து உட்கார்ந்தது. பொருளை போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு இது பழைய வித்தை. அவர்கள் அட்டை ஃபிரேமுக்குள் தெரிந்துவிடாமல் இடம் பார்த்து அல்லாட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. கேமராவுக்குத் தெரியாதே, பிரதிபலிப்பில் மட்டும் தெரி என்று அட்டைக்குச் சொல்லிவிட ஒரு டிக் போதும்.

விளக்கும் இப்படித்தான். புள்ளி விளக்கு வைத்தால் குரோமில் ஒரு குண்டூசித் தலை அளவு தெரியும், அல்லது தெரியவே தெரியாது. குரோம் விளக்கின் வெளிச்சத்தை வாங்குவதைவிட விளக்கின் உருவத்தைத்தான் காட்டும். அதனால் பெரிய செவ்வக விளக்கு. குழாயின் நீளத்துக்கு இணையாக அதை நிறுத்தினால் மேலிருந்து கீழ் வரை ஒரு வெள்ளை நாடா விழும். இன்னும் ஒரு நுணுக்கம். விளக்கை ஒரே சீரான வெள்ளையாக விடாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல மங்கும்படி செய்யுங்கள். நாடாவின் ஒரு பக்கம் கூர்மையாக வெட்டி நிற்கும், மறு பக்கம் சாம்பலில் கரையும். வளைவு இருக்கிறது என்பது கண்ணுக்கு அப்போதுதான் புரியும். இந்த ஒன்றுக்காக நான் சில சமயம் ஒரு மணி நேரம் செலவழிப்பதுண்டு.

பீன்யாவில் கேட்டது

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஒரு பிளேட்டிங் பட்டறை நடத்தும் பெரியவர், தர்மபுரிப் பக்கத்துக்காரர். நிஜக் குழாய்க்குக் குரோம் எப்படி ஏறுகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். குரோம் தொட்டியைக் காட்டுவார் என்று நினைத்தால், அவர் மெருகேற்றும் பஃபிங் சக்கரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "குரோம்ங்கிறது கடைசியா காட்டுற ஆரத்தி தம்பி. பளபளப்பு எல்லாம் இங்கேயும் நிக்கல்லயும்தான் வருது."

சொன்னது அப்படியே உண்மை. பித்தளைக் குழாயை முதலில் மெருகேற்றி, அதன் மேல் நிக்கல் ஏற்றி, கடைசியில்தான் குரோம். அழகுக்கான குரோம் பூச்சின் தடிமன் பொதுவாகக் கால் முதல் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வராது. அதன் கீழே இருக்கும் நிக்கல் அதைவிடப் பல மடங்கு தடிமன். நிக்கல் கொஞ்சம் மஞ்சள் ஓடியது, நாளாக நாளாக மங்கும். குரோம் அதன் மேல் உட்கார்ந்து ஒரு நீலச் சாயலையும் மங்காத தன்மையையும் கொடுக்கிறது. அடியில் மேடு பள்ளம் இருந்தால் குரோம் அதை மூடி மறைக்காது, ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

கணினியிலும் அதே கதை. வடிவம் சரியில்லை என்றால் மெட்டீரியலால் காப்பாற்ற முடியாது. களிமண் நிறத்தில் பார்க்கும்போது வழவழப்பாகத் தெரிந்த மாடல், குரோம் போட்டதும் அடிவாங்கிய டின் மாதிரி நெளியும். குரோம் போடுவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். பிளெண்டரில் மேட்கேப் என்ற பார்வை முறையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒன்று இருக்கிறது. அதை வைத்து மாடலைச் சுழற்றிப் பாருங்கள். கோடுகள் தண்ணீர் ஓடுவது போல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது திடீரென்று முழங்கையை மடக்கியது போல ஒடிந்தால், அங்கே வளைவு சரியாகச் சேரவில்லை. கார் வடிவமைப்பவர்கள் பானெட்டை இப்படித்தான் வரிக்குதிரைக் கோடு போட்டுச் சோதிக்கிறார்கள்.

அப்புறம் விளிம்பு. கணினியில் ஒரு பெட்டி வரைந்தால் அதன் ஓரம் கத்தியைவிடக் கூர்மை. பஃபிங் சக்கரத்தில் பட்ட எந்தப் பொருளுக்கும் அப்படி ஓரம் இருக்காது. அரை மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும். அந்த மழுங்கல் சின்ன வளைவு என்றாலும், அறையின் பெரும்பகுதியைத் தனக்குள் சுருக்கிக் காட்டும். எங்கோ இருக்கும் விளக்கு அதில் மாட்டிக்கொண்டு ஓரம் முழுக்க ஒரு வெள்ளி இழையாக ஓடும். விளிம்பை மழுக்காத குரோம், எத்தனை பெரிய எச்.டி.ஆர்.ஐ. போட்டாலும் கணினியில் செய்தது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பெங்களூர் தர்ஷினி ஓட்டல்களில் காபி தரும் எவர்சில்வர் டம்ளர் குரோம் இல்லை. அடித்தட்டின் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வட்டக் கீறல்கள் இருப்பதால், வெளிச்சம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி விரித்தது போல விழும். அதைச் செய்ய ரஃப்னெஸ்ஸை ஏற்றி, கீறலின் திசைக்கு ஏற்ப வெளிச்சத்தை நீட்டும் 'அனைசோட்ரோபிக்' என்ற அமைப்பையும் தொட வேண்டும். அது தனிக் கட்டுரைக்கான சமாசாரம்.

உப்புக் கறை

குரோம் சரியாக வந்த பிறகும் ஏதோ பொம்மைத்தனம் தட்டும். காரணம், அந்தக் குழாயை யாரும் தொட்டதே இல்லை. எங்கள் தெருவில் வாரத்தில் சில நாள் காவேரித் தண்ணீர், மற்ற நாள் போர் தண்ணீர், கோடையில் டேங்கர். போர் தண்ணீர் சொட்டிக் காய்ந்த இடத்தில் வெள்ளையாக வட்டம் வட்டமாக உப்பு படிந்திருக்கும். பிடியைத் திருப்பும் இடத்தில் விரல் பட்டு மெலிதாக மங்கியிருக்கும். குழாயின் மேல் பக்கத்தில் தூசி.

இதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. விரல் தடம் என்பது குரோம் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம். நிறம் மாறாது, பிரதிபலிப்பு மட்டும் அந்த இடத்தில் கலங்கும். ஆகவே ரஃப்னெஸ்ஸுக்கு மட்டும் ஒரு தழும்புப் படத்தைக் கொடுத்து, 0.03-க்கும் 0.12-க்கும் நடுவில் ஊசலாட விடுங்கள். உப்போ வேறு பொருள், உலோகமே அல்ல. அந்த இடத்தில் மெட்டாலிக் 0-க்கு இறங்க வேண்டும், நிறம் வெளிர் வெள்ளையாக வேண்டும், ரஃப்னெஸ் ஏறவேண்டும். உப்புக் கறையைப் பளபளப்பான வெள்ளை உலோகமாகப் போட்ட ரெண்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் சிந்தியது போல இருக்கும். அளவும் முக்கியம். தடம் இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிந்தால் அது அதிகம். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும், அந்த அளவு போதும். கேட்டலாக்குக்கு உப்பு வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி சில சில்லறை விஷயங்கள். குரோமும் குரோமும் எதிரெதிரே இருக்கும் இடத்தில் ரெண்டர் சுத்தக் கறுப்பாக வந்தால், ஒளியின் தாவல் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்று பொருள். பிளெண்டரில் இருக்கும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில் பளபளப்புத் தாவல் 4 என்று வைத்திருப்பார்கள், 8 ஆக்குங்கள். வேகத்துக்காகத் திரையில் தெரிவதை மட்டும் வைத்துப் பிரதிபலிப்புச் செய்யும் ரெண்டர்கள் உண்டு. குரோம் காட்டுவது பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் இருப்பதை என்பதால் அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிச்சம் 1-ஐத் தாண்டும் இடங்களை வெட்டிவிடாமல் மெல்ல மடக்கித் தரும் நிற மாற்று முறையைத் தேர்ந்தெடுங்கள். பிளெண்டரில் 2017 முதல் ஃபில்மிக் இருந்தது, 2023-இல் வந்த 4.0 பதிப்பு முதல் ஏஜி.எக்ஸ். இருக்கிறது. அதில் குரோம் கொஞ்சம் சோர்ந்து தெரிந்தால் கான்ட்ராஸ்ட் கூடிய தோற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஃபோகஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கேமரா பின்னணியை மங்கலாக்கும்படி வைத்திருந்தால், தட்டையான குரோம் தகட்டில் தெரியும் அறை, தகட்டின் தூரத்தில் இல்லை. தகட்டுக்கு அப்பால் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே தகட்டின் கீறல் தெளிவாகவும் அதில் தெரியும் ஜன்னல் மங்கலாகவும் ஒரே இடத்தில் வரும். ரெண்டர் மென்பொருள் இதைத் தானே சரியாகச் செய்துவிடும். பலர் அதைக் கோளாறு என்று நினைத்துத் திருத்தப் போவார்கள். திருத்த வேண்டாம்.

கேமராவுக்குப் பின்னால் என்று சொன்னேன் அல்லவா? போன மாதம் ஓசூர்த் தம்பி ஒரு வாஷ்பேசின் குழாய் செய்துகொண்டிருந்தான். அட்டை, விளக்கு, உருண்ட விளிம்பு எல்லாம் சரி. ஆனால் குழாயின் நடு வயிற்றில் ஒரு வெறுமை இருந்தது. நிஜப் படப்பிடிப்பில் அந்த இடத்தில் ஒரு ஆளும் முக்காலியும் இருண்ட நிழலாகத் தெரியும். ரெண்டரில் கேமராவுக்கு உடம்பு கிடையாது. "அங்க யாராச்சும் நிக்கணும்ல அண்ணா?" என்றான். மூன்று கால், ஒரு பெட்டி, பின்னால் தோளும் தலையுமாக ஒரு முரட்டு உருவம், எல்லாம் கருஞ்சாம்பலில் பத்தே நிமிடத்தில் செய்து கேமராவுக்குப் பின்னால் நிறுத்தினான். குழாயின் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்பு வந்து ஒட்டிக்கொண்டது. குழாய் சட்டென்று எடை கூடியது போல ஆகிவிட்டது.

படத்தை அனுப்பிய மறுநாள் வாடிக்கையாளரிடமிருந்து ஃபோன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "எல்லாம் நல்லா வந்திருக்கு. ஆனா போட்டோகிராஃபர் உள்ள தெரியறார் பாருங்க, அவரை மட்டும் அழிச்சுக் கொடுத்துடுங்க."

அழித்துக் கொடுத்தோம்.